காமன் மாதத்துப் பூக்கோவா

முருகன் துணை

நோர்வூட்
20.01.2025

அன்புள்ள தங்கச்சி நாகலெட்சுமிக்கு அக்கா சண்முகவடிவு எழுதுவது. நாங்கள் சுகமாக இருக்கிறோம். உன் காது இரைச்சல் குறைந்ததா? பழனியாண்டி தம்பியும் பிள்ளைகளும் சுகமா?

நேற்றுச் சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் மச்சான், மகன் விஜிதரன், கூத்துப் பழக்குகிற வீரய்யா மாஸ்டர், அடுத்த காம்பராக் காளியாயி அக்கா, நிரோஷன். ஆக ஆறு பேர். கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். இந்த ஆறு பேர் முன்னால்தான் இந்த வருசம் காமன் கூத்தில் விஜிக்குக் காமன் வேஷம் என்று முடிவானது. ரதி வேஷம் நிரோஷனுக்கு.

போன வருசம் விஜி டெங்குக் காய்ச்சலில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வைத்த நேர்த்தி இது. நீதான் அறிவாய். அவன் எழுந்து உட்கார்ந்த அன்றைக்கே மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது கவலை வேறு. கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டினால் பௌர்ணமி வரை அந்த வீட்டு அடுப்பில் மச்சம் மாமிசம் ஏறக் கூடாது. முட்டையும் ஆகாது. இவனோ கறி இல்லாமல் ஒரு பிடி சோறு இறக்கமாட்டான். பருப்பு வைத்தால் "ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்கிறான். சோயா மீட் என்றால் "ரப்பர்" என்று தட்டைத் தள்ளுகிறான். நேற்று மாஸ்டர் முன்னாலேயே, "பன்னெண்டு நாளா? காமன சிவன் எரிக்கிறதுக்கு முன்னாடி பசி எரிச்சிரும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியில் போய் ஒரு துண்டு கோழி தின்றுவிட்டு வந்தானென்றால் என் நேர்த்தி என்ன ஆவது?

கறிக்குப் பதிலாக, கறி மாதிரியே சோற்றுக்கு நிற்கிற ஒரு சாமான் சொல். கூத்துப் பார்க்க இந்த வருசமாவது நீ வர வேண்டும்.

அன்புடன் அக்கா
வடிவு

—

நானுஓயா
02.02.2025

அன்பு அக்காவுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே பனிக் குளிர் கடுமை. பிள்ளைகளுக்குத் தடிமன், மற்றபடி சுகம். விஜிக்கு என் ஆசீர்வாதம்.

நீங்கள் கேட்ட சாமான் எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. பூக்கோவாதான் அக்கா. கடையில் காலிஃபிளவர் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அவர் இந்தப் போகம் ஆறு பாத்தி போட்டிருக்கிறார். வெள்ளை வெளேரென்று முட்டி முட்டியாக நிற்கிறது.

பூவைச் சின்னதாக நறுக்கிவிடாதீர்கள். கோழித் துண்டு அளவுக்கு, தண்டோடு பிடுங்குங்கள். உப்பும் மஞ்சளும் போட்ட சுடுதண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கிற பச்சைப் புழு வெளியே வரும். பிறகு வடித்து, மிளகாய்த்தூள், மிளகு, இஞ்சி பூண்டு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி பிரட்டி வைத்து, எண்ணெயில் முறுக விட்டு எடுங்கள். சின்ன வெங்காயம், ரம்பை இலை, கறுவாப் பட்டை, கறித்தூள் தாளித்து, கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுச் சுருளப் பிரட்டுங்கள். கோழிப் பிரட்டல் மாதிரியே, கோழி மட்டும் இல்லை.

செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். வேறொன்றுமில்லை.

உங்கள் தங்கை
நாகு

—

நோர்வூட்
10.02.2025

அன்புள்ள நாகுவுக்கு, இங்கே சுகம். பிள்ளைகளின் தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு.

பூக்கோவா இரண்டு ஹட்டனில் வாங்கிச் செய்தேன். சாப்பிட்டவர்கள்: நான், உன் மச்சான், விஜி. சாப்பிட்டு முடித்தவர்கள்: நான் மட்டும்.

புழுவுக்குப் பயந்து நான் பூவை அடுப்பிலேயே கொதிக்கவிட்டேன். அது கஞ்சியாகிவிட்டது. புழு மூன்று மிதந்தது. விஜி எட்டிப் பார்த்து, "அம்மா, புழு செத்தா அது மாமிசந்தானே? விரதம் போச்சா?" என்கிறான். உன் மச்சான், "காப்பு கட்டலடா இன்னும், பயப்படாம தின்னு" என்கிறார். இரண்டு பேரும் வாய்க்குள் வைத்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பேபிச் சாப்பாடு" என்று விஜி எழுந்து போய்விட்டான்.

புத்தகம் பார்த்துச் சமைத்துப் பழகியவளா நான்? சாமான் சுற்றி வந்த தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். நீ எழுதியதில் "சுடுதண்ணீரில் போட்டால்" என்று இருக்கிறது. எத்தனை நேரம் என்று இல்லை. எனக்கு எல்லாம் கணக்காக எழுத வேண்டும்.

கூத்துக்கு வருகிறாயா என்று கேட்டிருந்தேன். அதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை.

அக்கா

—

நானுஓயா
22.02.2025

அன்பு அக்காவுக்கு, எல்லாரும் நலமாக இருக்கிறோம். கொத்தமல்லியில் தடிமன் விட்டுப்போனது.

தப்பு என்னுடையது. கணக்காக எழுதுகிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். இறக்கிய பிறகுதான் பூவைப் போட வேண்டும். நூறு எண்ணுங்கள். எடுத்து வெள்ளைச் சேலைத் துண்டில் தலைகீழாக அடுக்கி ஈரம் போகவிடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெயில் முறுகாது. மசாலாவோடு இரண்டு கரண்டி அரிசிமாவும் பிரட்டுங்கள். தேங்காய்ப்பால் கொதித்துச் சுருளும்போது பொரித்த பூவைப் போட்டு, இரண்டு பிரட்டு, இறக்கிவிடுங்கள். அதற்குமேல் கரண்டி போட்டால் மறுபடி கஞ்சிதான்.

மரக்கறி லொறியில் நல்ல பூ ஆறு அனுப்பியிருக்கிறேன். இலையோடு இருக்கிறது, அப்படியே வையுங்கள், வாடாது. அதோடு ஒரு வெள்ளிப் பக்கற்றில் கொஞ்சம் தூள். இறக்குவதற்கு முன்னால் ஒரு தேக்கரண்டி தூவுங்கள். என்ன தூள் என்று கேட்காதீர்கள். விஜியிடம் சொல்லவும் வேண்டாம். வாசம் வரும்போது தெரியும்.

இங்கே வேலை அதிகம்.

நாகு

—

நோர்வூட்
03.03.2025

அன்புள்ள நாகுவுக்கு, சுகம், சுகம். நேற்றைய கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குக் கை ஓடாது.

நேற்று மூன்றாம் பிறை. காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி விஜிக்கும் நிரோஷனுக்கும் காப்புக் கட்டினார்கள். முதல் சாப்பாடு காமன் வீட்டில் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். நீ எழுதியபடி நூறு எண்ணினேன். துணியில் அடுக்கினேன். மாவு பிரட்டினேன். கடைசியில் உன் தூளைத் தூவினேன். முருகா, என்ன வாசம்! விஜி வாசலிலிருந்தே, "அம்மா, என்னா ஏமாத்துறீங்க, இது கோழி!" என்று கத்தினான்.

அதுதான் வினையாய்ப் போனது. காளியாயி அக்கா காம்பராவை விட்டு இறங்கி வந்துவிட்டாள். "ஏண்டி வடிவு, காப்புக் கட்டுன வீட்டுல கோழி வாசம் அடிக்குது. ஒனக்கே நல்லாருக்கா?"

"பூக்கோவா அக்கா. வந்து பாருங்க."

"பாக்கிறது என்னா, மூக்கு எனக்கு ஒழுங்காத்தான் இருக்கு."

லயத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மாஸ்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் சட்டியைத் திறந்து ஒரு துண்டைப் பிய்த்தார். "தண்டு இருக்கு. பூவுதான்" என்றார். காளியாயி அக்கா விடவில்லை. "பூவு சரி. கொழம்பு? கோழி அவிச்ச தண்ணியில பூவப் போட்டா யாருக்குத் தெரியும்?"

விஜி காப்புக் கையோடு நிற்கிறான். மாஸ்டர் சந்தேகப்பட்டால் அப்போதே காப்பை அறுத்துவிடுவார். சாமித் தட்டிலிருந்து சூடத்தை எடுத்துக் கொளுத்தினேன். "இந்தச் சட்டியில கோழியும் இல்ல, கோழி சேந்த எதுவும் இல்ல. இருந்தா முருகன் என்னையக் கேக்கட்டும்" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன்.

மாஸ்டர் உட்கார்ந்து சாப்பிட்டார். விஜி மூன்று தரம் சோறு வாங்கினான். காளியாயி அக்காவும் "ருசி பாக்கத்தான்" என்று ஒரு கிண்ணம் வாங்கிப் போனாள். இன்னும் பத்து நாள் எனக்குக் கவலை இல்லை. உன் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும்.

அக்கா

—

நோர்வூட்
05.03.2025

நாகு, உடனே பதில் எழுது.

இன்றைக்குக் கொப்பியில் அன்றைய சமையலை எழுதி, உன் வெள்ளிப் பக்கற்றையும் பக்கத்தில் ஒட்டலாம் என்று எடுத்தேன். நான் எதையும் அப்படித்தான் ஒட்டி வைப்பேன். பின்பக்கம் சிங்களத்தில் எழுதியிருக்கிறது. பஸ் போர்டையும் கடைப் போர்டையும் பார்த்துப் பழகின சிங்களம்தான் எனக்கு. எழுத்துக் கூட்டினேன். குகுல் மஸ். மறுபடி கூட்டினேன். குகுல் மஸ்தான். நோர்வூட்டில் இறைச்சிக் கடைப் போர்டில் இருக்கிற அதே எழுத்து. குகுல் கோழி, மஸ் இறைச்சி. அதற்கு அடுத்த மூலை கிழிந்து போயிருக்கிறது. பக்கற்றின் முன்பக்கத்தில் சேவல் படத்தின் கால் மட்டும் மிச்சம்.

நீ எனக்குக் கோழித் தூளா அனுப்பினாய்? நான் அணைத்தது சூடம், நாகு. மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் பொய்ச் சத்தியம் பண்ணினவர்கள் இல்லை. காப்புக் கட்டின பிள்ளைக்கு என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

பழனியாண்டி தம்பியின் போனுக்கு அடிக்கலாம் என்று பார்த்தேன். அவர் எடுத்து, அவர் உனக்குக் கத்திச் சொல்லி, லொறிக்காரர்கள் கேட்டு, இங்கே வந்து சேர்ந்துவிடும். நீயே எழுது. விஜிக்குத் தெரியாது. உன் மச்சானுக்கும் சொல்லவில்லை.

வடிவு

—

நோர்வூட்
10.03.2025

அன்புள்ள நாகுவுக்கு, நீ சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன்.

இன்றும் தபாற்காரர் ஒன்றும் தரவில்லை. நீ எழுதாததே பதில் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியென்றால் அது கோழிதான்.

விஜி தினமும் சாயங்காலம் ஆட்டம் பழகுகிறான். காலில் சலங்கை கட்டி ஆடும்போது, ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவனா இவன் என்று இருக்கிறது. வெளியில் எங்கேயும் ஒரு துண்டு தொடவில்லை. மிச்சப் பூவை அந்தத் தூள் போடாமல் செய்து கொடுத்தேன். "அன்னைக்கு மாதிரி இல்லையேம்மா" என்று சொல்லிக்கொண்டே தின்றான். அவன் சுத்தமாக இருக்கிறான். அழுக்குப் பண்ணினவள் நான்.

வியாழக்கிழமை பௌர்ணமி. பொய்ச் சத்தியத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைக் காமன் பொட்டலில் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்குக் காலையில் மாஸ்டரிடம் சொல்லப் போகிறேன். அவர் காப்பை அறுக்கச் சொன்னால் அறுக்கட்டும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

அக்கா

—

நானுஓயா
12.03.2025, புதன்

அன்பு அக்காவுக்கு, உங்கள் கடைசி இரண்டு கடிதமும் இன்றைக்குத்தான் ஒன்றாக வந்தன. முதலாவது தவறிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. படித்துவிட்டு அடுப்பை அணைத்துப்போட்டுக் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

அக்கா, அது சோயா மீட் பக்கற்றுக்குள் வருகிற ருசித் தூள். சோயாவைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள், தூள் மிஞ்சியது. சோயா என்று தெரிந்தால் விஜி தொடமாட்டானே என்றுதான் உங்களிடம்கூடச் சொல்லாமல் விட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கே பயம். அதில் உண்மையாகவே கோழி கலக்கிறார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்?

மீராசாஹிப் நானா கடையில் அவர் மனைவி அசீசா இருந்தாள். அதே மாதிரிப் புதுப் பக்கற்றை எடுத்து நாலு பக்கமும் வாசித்து, எனக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அதை அப்படியே எழுதுகிறேன்: "பயப்பட வேண்டாம். குகுல் மஸ் ரச என்று இருக்கிறது. ரச என்றால் ருசி. உள்ளே என்ன இருக்கிறது என்று கீழே வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். உப்பு, சீனி, மஞ்சள், மசாலா. கோழியின் இறகுகூட இல்லை. நாங்கள் வாயில் வைக்குமுன் இதைத்தான் முதலில் வாசிப்போம்." உங்கள் பக்கற்றில் கிழிந்த மூலையில் போனது அந்த "ரச"தான். பக்கற்றைத் திறக்கும்போது நான்தான் கிழித்தேன்.

இதைத் தபாலில் போட்டால் நாளை போயா விடுமுறை, வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும். அதனால் நாளைக்கு இதையும் அந்தப் புதுப் பக்கற்றையும் நானே கொண்டுவருகிறேன். எங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நடத்துனரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். காது போன பிறகு நான் தனியாகப் பயணம் போவது இதுதான் முதல் தரம்.

நேரில் வருகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். அங்கே தப்பு மேளச் சத்தத்தில் உங்களால் என்னிடம் ரகசியம் பேச முடியாது. நான் பேசினால் எத்தனை சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆகவே வாய் திறக்காமல் இதை உங்கள் கையில் தருவேன்.

நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் நான் பதில் எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. கடைசியாக ஒரு கலியாண வீட்டில், கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. பந்தல் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு கூட்டம் என்றாலே எனக்குக் கால் வராது.

நாகு

—

நோர்வூட்
17.03.2025

அன்புள்ள தங்கச்சி நாகலெட்சுமிக்கு அக்கா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் எல்லாரும் சுகம்.

வியாழக்கிழமை நீ கண்ணால் பார்த்தாய். காதால் கேட்டவள் நான். கேட்டதை உனக்கு எழுதாமல் விட்டால் கணக்கு பாதியாக நிற்கும்.

காலையிலேயே மாஸ்டரிடம் போனேன். கரும்பு வில்லுக்குக் கலர்த்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். "மாஸ்டர், நான் பண்ணுன சத்தியம் பொய்யாப் போச்சுங்க" என்று பக்கற்றைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குச் சிங்களம் பேசத்தான் வரும், படிக்க வராது. நீ படிச்சது நெசந்தானா?" "நெசந்தாங்க." கலர்த்தாளைக் கீழே வைத்தார். பிறகு, "சாயந்தரம் பொட்டலுக்கு வா. சாமி முன்னால சொல்லிட்டு அவுப்போம். சத்தியம் ஊரு முன்னால பண்ணுனது, மறச்சா எனக்கும் பாவம்" என்றார்.

நீ முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியபோது நடந்தது அதுதான். விஜிக்குப் பாதி முகம் பூசியிருந்தது. மாஸ்டர் கையில் கத்தி இருந்தது. நான் இன்னும் வாய் திறக்கவில்லை. கூட்டத்துக்கு என்ன ஏதென்று தெரியாது. நீ கடிதத்தை என் கையில் திணித்தாய். அதோடு நிறுத்தினாயா? என் காதோரம் குனிந்து ரகசியம் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பாய். உள்ளதைச் சொல்கிறேன், தப்படிக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா! அது கோழி இல்லக்கா! சோயாத் தூளு! ரசன்னா ருசி! வெறும் ருசி!"

மூன்று லயத்துக்கும் கேட்டது. மாஸ்டர் உன் பக்கம் திரும்பி, "என்னாத்தா சொல்ற? யாரு படிச்சுச் சொன்னது?" என்று கேட்டார். நீ அவர் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: "ஆமாங்க, ரெண்டு மணி பஸ்ஸுலதான் வந்தேன். சாப்பிட்டாச்சு."

அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். உன் முகம் வாடியதை நான் பார்த்தேன். நான் அழுதுகொண்டிருந்ததால் உனக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. விடிந்ததும் "வர்றேன்க்கா" என்று ஒரு சொல்லோடு கிளம்பிவிட்டாய். ஆகவே யார் யார் எதற்குச் சிரித்தார்கள் என்று விசாரித்து எழுதுகிறேன். நான் இட்டுக்கட்டி எழுதமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

வீரய்யா மாஸ்டர்: கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "இருவத்தெட்டு வருசம் கூத்து நடத்துறேன், ஒரு காப்பயும் பாதியில அவுத்ததில்ல. கத்தியத் தூக்கவே மனசு வரல. அந்தப் புள்ள கத்துனதும் உசிரு வந்துச்சு" என்று என்னிடமே சொன்னார்.

நிரோஷன்: ரதி வேஷத்தில் கண்மை ஒழுகச் சிரித்தான். விஜி அந்த நேரத்தில், "சோயாவா? அம்மா, மூணு தரம் சோறு வாங்கித் தின்னேனே, எனக்குச் சோயாத் தூளயா குடுத்தீங்க?" என்று பாதி முகத்தோடு கேட்டானாம். அதற்குத்தான்.

காளியாயி அக்கா: இதை மறைக்காமல் எழுதுகிறேன். அவள் நீ சொன்ன பஸ் பதிலுக்குத்தான் சிரித்தாள். ஆனால் அடுத்த நிமிசமே மாஸ்டரிடம், "காது கேக்காத பொம்பள நானுஓயாவுல இருந்து ஒத்தையில வந்திருக்கா. நான் பக்கத்துக் காம்பராவுல இருந்துக்கிட்டு இவள சந்தேகப்பட்டேன்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். நேற்று வந்து, அந்தத் தூள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள்.

உன் மச்சான்: அவருக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது. மற்றவர்கள் சிரித்ததால் சிரித்தார்.

மற்றவர்களை எண்ண முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் யாரோ போய், காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் எண்ணுகிற கண்டாக்கையாவைக் கூட்டி வந்து, நீ கொண்டுவந்த புதுப் பக்கற்றைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். உப்பு, சீனி, மஞ்சள் என்று அவர் பெயர் கூப்பிடுகிற மாதிரி வாசித்தார். நான் மறுபடி சூடம் கொளுத்தி அணைத்தேன். இந்தத் தரம் கை சுடவே இல்லை. பிறகுதான் தப்பு அடித்தார்கள். நீ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். உனக்கு அந்த அடி உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

விஜி ஆடினதை நீ பார்த்தாய், அதை நான் எழுத வேண்டியதில்லை. விரதம் முடிந்து சனிக்கிழமை கோழி அடித்தோம். நன்றாகத் தின்றான், பொய் சொல்லக் கூடாது. தின்றுவிட்டு, "சின்னம்மா பூக்கோவா எப்ப அனுப்புவாங்க?" என்று கேட்டான். சோயா என்று தெரிந்த பிறகும்.

நீ வந்திருக்காவிட்டால் காப்பு அறுந்திருக்கும். இது எனக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும், இப்போது தோட்டத்துக்கே தெரியும். நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தம்பி போனில் சொல்லிவிட்டார். எனக்கு வேண்டியது அது இல்லை. அந்தச் சிரிப்பு இன்னும் உன் மனதில் கிடக்கிறதா, போய்விட்டதா? கிடந்தால் கிடக்கிறது என்றே எழுது.

பதிலை நாள் கடத்தாமல் போடு.

அக்கா
வடிவு